வாய்பாட்டின் பொருள்

வேதியியல் பயிலும் மாணவருட் பலர் வாய்பாடுகளைக் கண்டு அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தால் அவற்றை உருப்போடுகின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். இது வாய்பாட்டின் குற்றம் அன்று. பயிலும் முறையின் குற்றமே ஆகும். வாய்பாடு என்பது பொருளுணர்ந்து படித்தற்குரிய ஒரு சிறு வாக்கியம்.

நீரின் வாய்பாடு எச்₂ஓ என்பதை அறியாதார் இலர். அதிலுள்ள 2 என்னும் சிற்றெண் கூறுவது யாது? ஒரு நீர் மூலக்கூற்றில் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டும் ஆக்சிஜன் அணு ஒன்றும் உள்ளன என்பதே. எண் இடாத இடத்தில் ஒன்று எனக் கொள்ளுதல் மரபு.

இச்சிற்றெண் எளிதில் கிடைத்ததன்று. 1808-ஆம் ஆண்டில் தம் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்ட ஆங்கில அறிஞர் ஜான் டால்டன், நீரில் ஹைட்ரஜன் அணு ஒன்றும் ஆக்சிஜன் அணு ஒன்றுமே உள்ளன என்று கருதினார். ஹைட்ரஜன் இரு பருமனும் ஆக்சிஜன் ஒரு பருமனும் கூடியே நீர் உண்டாகிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கே-லூசாக் காட்டினார். அதன் உட்பொருளை இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ 1811-இல் விளக்கினார். எனினும், 1860-இல் கார்ல்சுரூ நகரில் கூடிய மாநாட்டில் கன்னிசாரோ அதனை எடுத்துரைத்த பின்னரே அறிஞர் பலரும் தெளிவு பெறலாயினர். அரை நூற்றாண்டு ஆராய்ச்சியின் பயனைப் பொருளறியாது ஒப்பித்தல் தகுமோ?

சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் அது சூடேறிப் பொங்கி நீறுகிறது. சுட்ட சுண்ணாம்பில் கால்சியம் ஒன்றுக்கு ஆக்சிஜன் ஒன்று உண்டு. அதனோடு நீர் மூலக்கூறு ஒன்று கூடினால், கால்சியம் ஒன்றும், ஆக்சிஜன் இரண்டும், ஹைட்ரஜன் இரண்டும் ஆகும். இவ்வாக்சிஜனும் ஹைட்ரஜனும் ஓஎச் என்னும் ஹைட்ராக்சைடுத் தொகுதிகள் இரண்டாக அமைகின்றன. ஆதலின், நீற்றிய சுண்ணாம்பின் வாய்பாட்டில் ஓஎச் அடைப்புக்குறிக்குள்ளும், 2 அதன் வெளியிலும் நிற்கின்றன. அடைப்புக்குறியை விட்டெழுதினால் அவ்வெண் ஹைட்ரஜனை மட்டுமே சாரும்; ஆக்சிஜன் அணு ஒன்று கணக்கில் காணாமற் போகும்.

சோடியத்தின் இணைதிறன் 1. எனவே எரிசோடாவில் ஹைட்ராக்சைடுத் தொகுதி ஒன்றே. அலுமினியத்தின் இணைதிறன் 3. அதன் ஹைட்ராக்சைடில் தொகுதிகள் மூன்று. இம்முறையை உணர்ந்தவன் உருப்போடாமலே இவ்வாய்பாடுகளை எழுதுவான்.

“குறிகளையும் இணைதிறன்களையும் நினைவில் கொள்ள வேண்டாமோ?” எனச் சிலர் வினவலாம். வேண்டும், எழுத்தறியாமல் நூல் கற்க இயலாது. ஆயின், எழுத்தை மட்டும் அறிந்தவன் நூலை உணர்ந்தவன் ஆகான்.

எண்ணொன்று மாறின் பொருளே மாறும். நீரின் வாய்பாட்டில் ஓ-வின் பின்னும் 2 சேர்ந்தால், அது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும். நீர் பருகத்தக்கது, செறிவு மிக்க பெராக்சைடோ தோலைப் புண்ணாக்கும். ஆகவே, ஒவ்வோர் எண்ணும் எதனைச் சார்ந்து நிற்கிறது என்று வினவிய பின்னரே வாய்பாட்டை ஏட்டில் எழுதுதல் மாணவர் கடமையாகும்.