அஞ்ச வேண்டியதும் அஞ்ச வேண்டாததும்

வெளிநாட்டில் பணிபுரியும் மகனோ மகளோ விடுமுறைக்கு வரும்போது பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்துச் செல்லும் பொருள்களுள் மைக்ரோவேவ் அடுப்பும் இன்று ஒன்றாகிவிட்டது. அது வீட்டினுள் நுழைந்ததும் குடும்பம் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பதைப் பல இல்லங்களில் காண்கிறோம். அதில் சூடாக்கிய சோற்றை உண்டால் புற்றுநோய் வரும் என்று பாட்டி அதன் அருகிலும் செல்வதில்லை. பேரனோ பள்ளியிலிருந்து வந்ததும் கைக்குக் கிடைத்ததை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டுத் தன் விளையாட்டைப் பார்க்கப் போய்விடுகிறான். ஒருவரிடம் வேண்டாத அச்சம். மற்றவரிடமோ வேண்டிய அச்சமும் இல்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. அக்கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை வீட்டார் அனைவரும் அறிந்துகொள்வதே அம்மருந்து.

இவ்வடுப்பு போர்க்காலக் கருவி ஒன்றின் வழித்தோன்றலாகும். பகைவரின் விமானங்களைக் கண்டறியும் ராடாருக்கு உயிர்நாடியான மாக்னெட்ரான் என்னும் குழாயை ஆராய்ந்துகொண்டிருந்த பெர்சி ஸ்பென்சர் என்ற அமெரிக்கர், அதன் அலைகள் உணவைச் சூடாக்குவதைக் கண்டு, 1945இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தம் சட்டைப்பையிலிருந்த இனிப்பு உருகியதே அவருக்கு வழிகாட்டியது என்பர். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரமும் 300 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் உடையது. சமையல் மேடையில் வைக்கத்தக்க சிறிய வடிவில் அது அமெரிக்க இல்லங்களை அடைந்தது 1967இல்தான்.

அதனுள் நெருப்பில்லை. ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 245 கோடி முறை அதிரும் அலைகள் உணவினுள் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் அளவுக்குப் புகுந்து, அங்குள்ள நீரின் மூலக்கூறுகளை அலைக்கழிக்கின்றன. அவ்வசைவே வெப்பமாகிறது. இவ்வலைகள் எக்ஸ்ரே கதிர் போன்றவை அல்ல. வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்தவை. விளக்கை அணைத்தவுடன் ஒளி மறைவதுபோல, அடுப்பு நின்றவுடன் அலைகளும் மறைந்துவிடுகின்றன. உணவில் எதுவும் தங்குவதில்லை. கதவின் கண்ணாடியில் காணப்படும் துளையிட்ட உலோக வலையும் வீண் அலங்காரமன்று. அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். வலையின் துளைகளோ மிகச் சிறியவை. எனவே அலைகள் அவ்வழியே வெளியேற இயலாது. கதவு நன்கு மூடும் வரை பாட்டி அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

அவ்வாறாயின் அஞ்ச வேண்டியது யாது? கண்ணுக்குத் தெரியாத அலைக்கு அஞ்சும் நாம், கண்முன் உள்ள வெந்நீரை மறந்துவிடுகிறோம். வழவழப்பான கண்ணாடிக் குவளையில் வெறும் தண்ணீரை நெடுநேரம் சூடாக்கினால், அது கொதிநிலையைக் கடந்த பின்னும் ஒரு குமிழிகூடக் காட்டாமல் அமைதியாய் இருப்பதுண்டு. ஆறியிருக்கிறது என்றெண்ணி அதில் காப்பித்தூளையோ சர்க்கரையையோ இட்ட மறுகணம் நீர் பொங்கிச் சீறி முகத்திலும் கையிலும் தெறிக்கும். குவளையில் ஒரு மரக்கரண்டியை இட்டு வைப்பதும், தேவைக்கு மேல் சூடாக்காமையும், அடுப்பு நின்றபின் ஒரு நிமிடம் பொறுத்து எடுப்பதும் இதற்குக் காப்பாகும்.

இதனினும் கவனமாய் இருக்க வேண்டியது பச்சிளங் குழந்தையின் பாலில். இவ்வடுப்பு எங்கும் ஒரே சீராகச் சூடேற்றுவதில்லை. புட்டியைத் தொட்டால் இளஞ்சூடாகத் தோன்றும். நடுவிலுள்ள பாலோ நாவைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். எனவே குழந்தையின் பால் புட்டியை இதில் வைத்தலாகாது. வெந்நீர் நிறைந்த பாத்திரத்தில் புட்டியை நிறுத்திச் சூடேற்றும் பழைய முறையே சிறந்தது. பெரியவர்களுக்கான குழம்பையும் சோற்றையும்கூட இடையில் ஒருமுறை கிளறிவிட்டு, மீண்டும் சூடாக்கி, இரண்டு நிமிடம் கழித்தே பரிமாறுதல் நன்று.

முட்டையை ஓட்டுடன் வைத்தலாகாது. உள்ளே சேரும் நீராவி வெளியேற வழியின்றி அது வெடிக்கும். வேகவைத்து ஓடுரித்த முட்டையும் வெடிப்பதுண்டு. நம் சமையலறையின் அணிகலனான எவர்சில்வர் பாத்திரங்களுக்கும், பொன்வரி தீட்டிய பீங்கானுக்கும், பிரியாணிப் பொட்டலத்தின் அலுமினியத் தாளுக்கும் இங்கே இடமில்லை, தீப்பொறி பறக்கும். உணவகத்திலிருந்து வரும் மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவும் மெலமைன் தட்டும் இதற்கு ஏற்றவை அல்ல. நுண்ணலைக்கு ஏற்றதென்று குறியிட்ட கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களே போதும். உள்ளே உணவு எதுவுமின்றி அடுப்பை இயக்குவதும் தவறு. மேலும், இரவு முழுவதும் வெளியில் கிடந்த சோற்றைச் சூடாக்கினால் தூய்மையாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அதில் பெருகும் சில நுண்ணுயிர்கள் விட்டுச் செல்லும் நஞ்சு சூட்டினால் அழிவதில்லை.

இனி, தூய்மை பற்றி. தெறித்த குழம்பும் எண்ணெயும் உட்சுவரில் படிந்து, மறுமுறை சூடாகிக் கருகி, இறுதியில் பொறி பறக்கச் செய்கின்றன. உட்சுவரின் ஒருபுறம் அட்டை போன்ற மைக்கா தகடு ஒன்று இருக்கும். அலைகள் உள்ளே வரும் வாயில் அதுவே. அதைக் கழற்றாமல் மென்மையாகத் துடைக்க வேண்டும். அது கருகிப் பொத்தலாகிவிட்டால் மாற்றும் வரை அடுப்பை இயக்கலாகாது. கதவின் ஓரத்தில் பிசுக்குப் படிந்தாலும், கீல் தளர்ந்தாலும் கதவு சரிவர மூடாது. பாட்டியின் அச்சத்துக்கு அப்போதுதான் பொருள் உண்டு.

தூய்மை செய்வதற்கு விலையுயர்ந்த மருந்து எதுவும் வேண்டா. கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு தம்ளர் நீர் விட்டு, அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தோலையும் அதிலேயே இட்டு, ஒரு மரக்கரண்டியையும் வைத்து, மூன்று நிமிடம் சூடாக்குக. பின்னர் ஐந்து நிமிடம் கதவைத் திறவாமல் விட்டுவைத்தால், ஆவி படிந்து அழுக்கு இளகிவிடும். பிளக்கைப் பிடுங்கியபின், கிண்ணத்தைத் துணி கொண்டு எடுத்துவிட்டு, ஈரமான மெல்லிய துணியால் உட்புறத்தையும் கதவின் ஓரத்தையும் துடைத்துவிடலாம். சுழலும் கண்ணாடித் தட்டையும் அதன் கீழுள்ள வளையத்தையும் ஆறிய பின்னரே சோப்பு நீரில் கழுவ வேண்டும். சூடான கண்ணாடி குளிர்நீர் பட்டால் விரிசல் விடும். கம்பி நாரால் தேய்த்தலும், நீரை வாரி இறைத்தலும் கூடா. அடுப்பின் மேல் பூவேலை செய்த துணியைப் போர்த்திக் காற்றுத்துளைகளை அடைக்கும் வழக்கத்தையும் கைவிடுவோம்.

பழுது ஏற்பட்டால் வெளிக்கூட்டைக் கழற்றிப் பார்க்கும் ஆர்வம் உயிருக்கே ஆபத்தானது. பல ஆயிரம் வோல்ட் மின்விசையைச் சேமித்து வைக்கும் உறுப்பு ஒன்று உள்ளே உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது தாக்கவல்லது. பயிற்சி பெற்றவரையே அழைக்க வேண்டும். அடுப்பினுள் ஏதேனும் தீப்பற்றினால் கதவைத் திறவாமல் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குக. காற்றின்றித் தீ தானே அடங்கும். கை சுட்டுவிட்டால், பற்பசையும் மையும் தடவாமல், குழாயின் குளிர்நீரில் இருபது நிமிடம் காட்டுக. கொப்புளம் பெரிதாயின் மருத்துவரை நாடுக.

இவை அனைத்தையும் அறிய வேண்டியவர் இல்லத்தரசி மட்டுமே என்று நாம் எண்ணுவோமாயின் அது பெரும் பிழையாகும். பெத்தானியா வீட்டில் பணிவிடையில் அலைந்த மார்த்தாவை நாம் அறிவோம். 2021 முதல் ஜூலை 29ஆம் நாளைத் திரு அவை மார்த்தாவுக்கு மட்டுமன்றி மரியாவுக்கும் இலாசருக்கும் உரிய நினைவு நாளாகக் கொண்டாடி வருகிறது. ஆண்டவரை வரவேற்றது மார்த்தா ஒருவர் மட்டுமன்று, அக்குடும்பம் முழுவதுமே. நம் வீட்டிலும் சூடாக்கி உண்பவர் எவரோ அவரே துடைத்து வைக்கட்டும். பேரன் பாட்டிக்கு அதை இயக்கக் கற்பிக்கட்டும். அடுப்பின் முன் பொறுத்து நிற்கும் பழக்கத்தைப் பாட்டி பேரனுக்குக் கற்பிக்கட்டும். வீட்டு வேலைக்கு வரும் சகோதரியிடம் துடைக்கும் துணியைக் கொடுக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டோமா என்று பார்ப்பது நமது கடமை. அவருடைய உயிரும் நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டதேயன்றோ?