பாய்லர் பழுதானா சரி பண்றதா, புதுசா மாத்துறதா? பிரிட்டன் குடும்பங்களைக் குளிர்காலத்துல திணறடிக்கும் கேள்வி

நம்ம ஊர்ல பாய்லர்னு சொன்னா, ஒரு தலைமுறைக்கு ஞாபகம் வர்றது வெந்நீர் போடுற செப்பு பாய்லர்தான். பிரிட்டன்ல கதை வேற. அங்கே சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும். குழாயில் வரும் எரிவாயுவை எரித்து, வீடு முழுக்க இருக்கும் ரேடியேட்டர்களுக்கு சூடான தண்ணீர் அனுப்புவதும், குளிக்க வெந்நீர் தருவதும் அந்த ஒரே பெட்டிதான். சுமார் 2.3 கோடி வீடுகள் இதை நம்பித்தான் குளிர்காலத்தைக் கடக்கின்றன. லண்டனின் ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களும், இங்கிருந்து படிக்கப் போய் வாடகை வீட்டில் தங்கும் மாணவர்களும் இதில் அடக்கம்.

இந்தப் பெட்டி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில்தான் மக்கர் பண்ணும். அதுக்குக் காரணம் இருக்கு. கோடையில் சும்மா கிடந்த பம்பும் வால்வும் திடீரென நாள் முழுக்க ஓட வேண்டியிருக்கும். வெளியே மைனஸ் டிகிரி, வீட்டில் குழந்தை, பாய்லர் திரையில் ஒரு பிழைக் குறியீடு. வந்து பார்த்த மெக்கானிக் சொல்கிறார்: "சரி பண்ணா 400 பவுண்டு. ஆனா பழசு சார், மாத்திடுங்க, 3,000 பவுண்டு." அன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

என்ன பண்றது?

முதலில், எல்லாப் பழுதும் பழுது இல்லை. பிரஷர் முள் 1 பாருக்குக் கீழே இறங்கியிருந்தால் பாய்லர் தானாக நின்றுவிடும். கையேட்டில் சொன்னபடி தண்ணீர் நிரப்பினால் திரும்ப ஓடும். கடுங்குளிரில் வீட்டுக்கு வெளியே போகும் கழிவுநீர்க் குழாய் உறைந்துபோனாலும் இதே கதைதான். குழாய் மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் போதும், கொதிக்கிற தண்ணீர் கூடாது. இதற்கெல்லாம் ஆள் கூப்பிட்டு, வந்து பார்த்ததற்கே 100 பவுண்டு கொடுத்தவர்கள் நிறைய. ஆனால் பெட்டியின் மூடியைத் திறந்து கை வைப்பது மட்டும் கூடாது. எரிவாயு பாகங்களில் வேலை செய்ய 'கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்' பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டுமே சட்டப்படி அனுமதி. அவர்களிடம் அடையாள அட்டை இருக்கும். அட்டையின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று போட்டிருக்கும். அதைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உண்மையான பழுது என்றால், கணக்கை வேற மாதிரி போட்டுப் பார்க்கணும். புது பாய்லர் பொருத்த பொதுவாக 2,000 முதல் 4,000 பவுண்டு வரை ஆகும். 3,000 என்று வைத்துக்கொள்ளலாம். அது 13 வருஷம் ஓடினால், வருஷத்துக்கு 230 பவுண்டு. இப்போ 400 பவுண்டுக்கு சர்க்யூட் போர்டு மாற்றி, பழைய பெட்டி இன்னும் இரண்டு குளிர்காலம் ஓடினால் வருஷத்துக்கு 200. அதாவது, "பழசு, மாத்திடுங்க" என்ற வார்த்தை கேட்பதற்கு நியாயமாக இருந்தாலும் கணக்கில் எடுபடவில்லை. 7, 8 வருஷப் பெட்டி என்றால் சரி பண்ணுவதே லாபம். 12 வருஷத்தைத் தாண்டி, ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற முக்கியப் பாகமே ஓட்டையாகிவிட்டால் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். ஒரே வருஷத்தில் இரண்டாவது முறை ரிப்பேர் வந்தாலும் அப்படியே. இடைப்பட்டதெல்லாம் பேரம்தான். உதிரிபாகம் கிடைக்காது என்று ஒருவர் சொன்னால், பாய்லர் தயாரித்த நிறுவனத்துக்கே போன் போட்டுக் கேட்கலாம். புது பாய்லர் விற்றால் கமிஷன் கிடைக்கும் ஆளிடம் "ரிப்பேர் பண்ணலாமா"ன்னு கேட்டா என்ன பதில் வரும்னு சொல்லவே வேண்டாம்.

புதுசு வாங்கினா கேஸ் பில் குறையுமா?

விளம்பரங்கள் அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். 2005 ஏப்ரலுக்குப் பிறகு இங்கிலாந்து, வேல்ஸில் பொருத்தப்பட்ட பாய்லர்கள் கிட்டத்தட்ட எல்லாமே 'கண்டென்சிங்' வகை. புகையோடு வெளியே போகும் சூட்டையும் பிடித்துப் பயன்படுத்துபவை. அப்படிப்பட்ட ஒன்றைக் கழற்றிவிட்டு அதே வகையில் புதுசு வைத்தால் பில்லில் பெரிய மாற்றம் வராது. அதற்கு முந்தைய, 70 சதவீதத் திறன் கொண்ட பெட்டியை 90 சதவீதத்துக்கு மாற்றினால் எரிவாயு 22 சதவீதம் வரை மிச்சமாகும். வருஷத்துக்கு 700 பவுண்டு கேஸ் செலவாகும் வீட்டில் அது 150 பவுண்டு.

செலவே இல்லாமல் மிச்சம் பிடிக்க இன்னொரு வழி இருக்கு. பெரும்பாலான வீடுகளில் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் 70, 80 டிகிரியில் செட் செய்யப்பட்டிருக்கிறது. திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் வேலையே நடக்கும். ஆக, நல்ல பாய்லரை வாங்கி, அதன் நல்ல குணத்தைப் பலர் அணைத்து வைத்திருக்கிறார்கள். காம்பி பாய்லர் உள்ள வீடுகளில் இதை 60 டிகிரிக்குக் குறைக்கலாம். வெந்நீருக்குத் தனி டேங்க் இருந்தால் மட்டும் டேங்கை 60க்குக் கீழே விடக்கூடாது, லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும்.

அரசு என்ன சொல்கிறது?

அரசின் கணக்கு வேறு. வீட்டுச் சூடேற்றலில் இருந்து எரிவாயுவை விலக்காமல் 2050 கார்பன் இலக்கை எட்ட முடியாது. அதனால் பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப் வைக்கச் சொல்கிறது. ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு இயந்திரம், வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுக்கும். இங்கிலாந்து, வேல்ஸில் இதற்கு 7,500 பவுண்டு மானியம் உண்டு. நம்ம பணத்தில் 8 லட்சம் ரூபாய்க்கும் மேல். 2023 அக்டோபரில் ரிஷி சுனக் அரசு 5,000-ல் இருந்து உயர்த்திய தொகை இது. 2035-க்குப் பிறகு புது கேஸ் பாய்லர் கிடையாது என்ற பழைய அறிவிப்பை அதே அரசு தளர்த்தியது. அடுத்து வந்த தொழிற்கட்சி அரசும் அந்தத் தடையைக் கொண்டுவரவில்லை. அதற்குப் பதில், பாய்லர் விற்கும் நிறுவனங்கள் குறிப்பிட்ட சதவீதம் ஹீட் பம்பும் விற்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்ற விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

ஆண்டுக்கு 15 லட்சம் பாய்லர் விற்கும் நாட்டில், ஹீட் பம்ப் ஒரு லட்சத்தைத் தொடவே திணறியது. ஏன்? ஒரு காரணம் மின்கட்டணம். கடந்த சில ஆண்டுகளாக ஒரு யூனிட் மின்சாரம், ஒரு யூனிட் எரிவாயுவைப் போல சுமார் நான்கு மடங்கு விலை. 90 சதவீதத் திறனுள்ள பாய்லரோடு ஒப்பிட்டால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3.6 யூனிட் வெப்பம் கொடுத்தால்தான் ஹீட் பம்ப் சமமாகும். நன்றாகப் பொருத்தினால் அது முடியும். அரைகுறையாகப் பொருத்தினால் பில் ஏறும்.

ஆனால் இதைவிடப் பெரிய காரணம் அந்த டிசம்பர் காலைதான். பாய்லரை ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஹீட் பம்புக்கு வீட்டை அளந்து, ரேடியேட்டர்களைச் சோதித்து, மானியத்துக்கு விண்ணப்பித்து முடிக்க வாரங்கள் ஆகும். குளிரில் நடுங்கும் குடும்பம் வாரக்கணக்கில் காத்திருக்காது. பழைய பாய்லர் போன இடத்தில் புது பாய்லர் வரும், அடுத்த 13 வருஷத்துக்கு அந்த வீட்டில் மானியத்துக்கு வேலையே இல்லை. அதனால்தான் பத்து வயசு தாண்டிய பாய்லர் வைத்திருப்பவர்கள், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மே, ஜூனில் விலை கேட்டு வைப்பது நல்லது. 400 பவுண்டு ரிப்பேருக்கு இன்னொரு மதிப்பும் உண்டு, யோசிக்க ஒரு கோடைக்காலம் கிடைக்கும்.

'ஹைட்ரஜனுக்குத் தயார்' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து யாராவது கூடுதல் பணம் கேட்டால் கொடுக்க அவசியமில்லை. விட்பி, ரெட்கார் பகுதிகளில் வீடுகளுக்கு ஹைட்ரஜன் கொடுத்துப் பார்க்கும் சோதனைத் திட்டங்கள் 2023-லேயே கைவிடப்பட்டன.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்?

இவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். சரி பண்றதோ மாத்துறதோ ஹவுஸ் ஓனர் பொறுப்பு, 1985-ம் ஆண்டு சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை எரிவாயுப் பரிசோதனை செய்து, அந்தச் சான்றிதழின் நகலைக் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். 2022 அக்டோபரில் இருந்து இங்கிலாந்தில் பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் அவர் கடமை. "அடுத்த மாசம் பார்க்கலாம்"னு சொன்னால் ஈமெயிலில் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் உள்ளூர் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

பழுதான பாய்லரில் உயிரைப் பறிப்பது இந்த கார்பன் மோனாக்சைடுதான். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல், வெளியே போனால் சரியாகிறது என்றால் அதை ஜலதோஷம் என்று விட்டுவிடக்கூடாது. பாய்லரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். எரிவாயு அவசர எண் 0800 111 999, 24 மணி நேரமும் இலவசம். உடல்நிலை மோசமாக இருந்தால் 999. மெக்கானிக் வந்து 'உடனடி ஆபத்து' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போன பாய்லரை, குளிருதேன்னு மறுபடி ஆன் பண்ணவே கூடாது.