சூரைச்செடியின் கீழ் உறங்கிய தீர்க்கதரிசி



ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நான் அதிகமாக ஏறெடுக்கும் ஜெபம் எதுவென்று கேட்டால், லாரிக்காகச் செய்யும் ஜெபம் என்றே சொல்வேன். நாமக்கல்லில் ஊழியம் செய்யும் போதகனுக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. புது வண்டி பாடி கட்டிப் பட்டறையைவிட்டு வெளியே வந்தால் ஜெபம்; எப்.சி. காட்டித் திரும்பினால் ஜெபம். டெல்லிக்கோ குஜராத்துக்கோ லோடு ஏற்றிப் புறப்பட்டால் ஜெபம். வண்டியின் முகப்பில் கைவைத்து, விபத்து அணுகாதபடி காத்தருளும் என்று மன்றாடுகிறேன். ஆமென் சொல்லிக் கண்களைத் திறக்கும்போது, எதிரே நிற்கும் ஓட்டுநரின் கண்கள் சிவந்து கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தூங்கினீர்களா என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை.

கேட்காததன் விலையைச் சென்ற ஆண்டு அறுப்பின் பண்டிகையின்போது அறிந்தேன். நம் சபைச் சகோதரர் ஒருவர் பன்னிரண்டு நாள் பயணம் முடிந்து வெள்ளிக்கிழமை மாலை வீடு வந்து சேர்ந்தார். அன்று நமக்கு முழு இரவு ஜெபம். நானே தொலைபேசியில் அழைத்து, "பண்டிகைக்கு முந்தின ஜெபத்துக்கு வராமல் இருக்கலாமா?" என்று கேட்டேன். மறுப்புச் சொல்லாமல் வந்தார், பாய் விரித்தார், விடியும் மட்டும் முழங்காலில் நின்றார். மறுநாள் பகல் முழுவதும் பண்டிகை வேலை. சனி இரவு மீண்டும் லோடோடு புறப்பட்டார். தொப்பூர் கணவாய்க்கு இப்பால், விடியற்காலையில், வண்டி சாலை நடுவிலிருந்த தடுப்பின்மேல் ஏறி நின்றது. மணிக்கட்டு முறிந்ததோடு அவர் தப்பினார். அடுத்த மாதம் சபையில் சாட்சி சொன்னார். நாம் எல்லாரும் கைதட்டிக் கர்த்தரை ஸ்தோத்திரித்தோம்.

பின்னொரு நாள் வீடு சந்திக்கச் சென்றபோது, தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்: "ஐயா, கர்த்தர் காப்பாத்துனது உண்மைதான். ஆனா நான் தூங்கிட்டேன்யா. ரெண்டு நாளா கண்ணே மூடல. அதைச் சபையில சொல்ல வெட்கமா இருந்துச்சு." அந்த இரண்டு நாளில் ஓர் இரவை எடுத்துக்கொண்டவன் நான். அதைச் சபையில் சொல்ல எனக்கும் வெட்கமாகவே இருந்தது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முறிந்த கைக்காக மருத்துவமனைக்குப் போனபோதுதான் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதும் தெரியவந்தது. தீராத தாகத்தையும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதையும் இரண்டு ஆண்டுகளாக எஞ்சின் சூடு என்று எண்ணிச் சமாளித்திருக்கிறார். வழியில் இறங்க வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரையும் குறைத்திருக்கிறார்.

தொண்ணூறுகளில், நான் இறையியல் கல்லூரியில் பயின்ற காலத்தில், எய்ட்ஸ் நோய் லாரித் தொழிலுள்ள ஊர்களில் பரவியது. அப்போது சபைகள் நோயுற்றவனின் பாவத்தைப் பேசின. அவனுக்கு மருத்துவம் கிடைத்ததா என்று விசாரிக்கவில்லை. இப்போது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் எவரும் பாவம் என்பதில்லை. ஆனாலும் ஓட்டுநர் மறைக்கிறார். தெரிந்தால் வண்டி தரமாட்டார்களோ என்ற அச்சம் அவருக்கு.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். யேசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா, வனாந்தரத்தில் ஒரு நாள் பயணம் போய், சூரைச்செடியின் கீழே விழுந்து, சாவை வேண்டிக்கொள்கிறான். தேவதூதன் வந்து என்ன செய்தான்? விசுவாசக் குறைவைக் குறித்துக் கண்டிக்கவில்லை. எழுந்து ஜெபி என்று கட்டளையிடவுமில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்தான். எலியா புசித்து, மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் அப்போதும் தடுக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பிப் புசிக்கச் செய்த பின்னரே நாற்பது நாள் நடை. ஓரேபிலே தேவன் பேசியது அதற்கும் பிறகு. பல ஆண்டுகள் இந்தப் பகுதியைப் பிரசங்கித்திருக்கிறேன். எப்போதும் ஓரேபுக்கே விரைந்தேன். அந்த இரண்டாம் தூக்கத்தை ஒருநாளும் பிரசங்கித்ததில்லை.

ஜெபித்துவிட்டுத்தானே புறப்படுகிறோம் என்று சிலர் கேட்கக்கூடும். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதித்தால் தூதர்கள் ஏந்துவார்கள் என்று சோதனைக்காரன் சொன்னபோது, ஆண்டவர் குதிக்கவில்லை. இருபது மணி நேரம் கண்விழித்து ஓட்டிவிட்டுப் பாதுகாப்பைக் கேட்பது குதித்துவிட்டுத் தூதர்களைக் கேட்பதே என்பது என் துணிபு.

லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் கைபேசியில் இதை வாசிக்கும் ஓட்டுநர் சகோதரரே, உங்களுக்குச் சில வார்த்தைகள். 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண்ணயர்ந்தால், ஏறக்குறைய 65 மீட்டர் தூரம் வண்டி தானாக ஓடுகிறது. கடந்துவந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லையென்றால், நீங்கள் ஏற்கெனவே கண்ணயர்ந்திருக்கக் கூடும். நள்ளிரவு இரண்டு மணிமுதல் விடியும் மட்டும் சரீரம் தூக்கத்தையே நாடும். அப்படித்தான் நாம் படைக்கப்பட்டிருக்கிறோம். தேநீர் சற்று நேரம் தாங்கும். தூக்கத்தின் கடனை அடைக்காது. பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி இருபது நிமிடம் படுப்பது அதைவிட மேலானது, ஆயினும் அதுவும் இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது. உரக்கக் குறட்டைவிட்டு, எவ்வளவு தூங்கினாலும் பகலில் சோர்ந்திருப்பவர், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்கவேண்டும். அதற்குச் சிகிச்சை உண்டு.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர், தாபா வரட்டும் என்று வேளை தவறி உண்பது ஆபத்து. கை நடுங்கி, வியர்த்து, பார்வை மங்கினால் உடனே வண்டியை நிறுத்திச் சர்க்கரையோ இனிப்பான பானமோ எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயுள்ளவருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். காரணமற்ற வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் வாயுத்தொல்லை என்று சோடா குடித்துக் காத்திராதீர்கள், 108க்கு அழையுங்கள்.

லாரி உரிமையாளர்களான சபையாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். சிலருக்கு வருத்தம் உண்டாகலாம். எட்டு வயது கடந்த லாரிக்கு ஆண்டுதோறும் எப்.சி. காட்டுகிறீர்கள். ஓட்டுநரின் உரிமத்தைப் புதுப்பிப்பதோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை. இடையில் அவர் சரீரத்தைப் பார்ப்பவர் யார்? 2025 வரை நடப்பிலிருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றது. நெடுந்தூரத் தடங்களிலும் 10 மணி நேரத்துக்குமேல் போகக்கூடாது என்றிருந்தது. ஐந்து மணி நேர வேலைக்குப்பின் அரைமணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்றும் சொன்னது. 2,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள டெல்லிக்கு ஒரே ஓட்டுநரை அனுப்பி, எங்கே இருக்கிறாய் என்று மணிக்கொருதரம் அழைப்பவர், மாற்று ஓட்டுநரின் படியை மிச்சம்பிடிக்கிறார். மாட்டுக்கும் கழுதைக்கும்கூட ஓய்வுநாளைக் கட்டளையிட்டவர் நம்முடைய தேவன். மிச்சம்பிடித்த அந்தப் பணத்திலிருந்து வரும் ஸ்தோத்திரக் காணிக்கையை வாங்க என் கை கூசுகிறது. டீசல் விலையும் சுங்கக் கட்டணமும் உங்களை எப்படி நெருக்குகின்றன என்பதை அறியாமல் இதை எழுதவில்லை.

வீட்டிலிருக்கும் சகோதரிகளே, அவர் வந்து சேர்ந்த நாளிலேயே ரேஷன் கடை, பள்ளிக் கட்டணம், உறவினர் பஞ்சாயத்து என்று எல்லாவற்றையும் அடுக்காதீர்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் தெருவுக்கு வரும்போது, அவருடைய மாத்திரை குறித்து விசாரித்து வையுங்கள்.

சபையின் பங்குக்கு, இனி பயணம் முடிந்து வந்த அன்றே எந்த ஓட்டுநரையும் இரவு ஜெபத்துக்கு அழைக்கமாட்டேன். ஞாயிறு காலையில் வந்து சேர்பவர் வீட்டில் உறங்கட்டும். அவரைப் பின்வாங்கிப்போனவர் என்று எவரும் பேசவேண்டாம். அவர்களுக்காக அன்று மாலை ஐந்து மணிக்குப் போதகர் இல்லத்தில் சிறு ஆராதனை இருக்கும். நம் சபையில் செவிலியராயிருக்கும் சகோதரி இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க இசைந்திருக்கிறார். முதலில் கை நீட்டப்போகிறவன் நான். பரிசோதித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தேநீர் உண்டு, சர்க்கரை உங்கள் விருப்பம்.