பெயின்ட்டுக்கு முன் சுத்தியல்

நாக்பூரின் கலம்னா மார்க்கெட்டுக்கு ஆரஞ்சு ஏற்றிவரும் வண்டிகளுக்கு ஜனவரி கொஞ்சம் மூச்சு விடும் மாதம். அக்டோபரில் தொடங்கும் 'அம்பியா' பருவத்து வரத்து டிசம்பரோடு ஏறக்குறைய ஓய்ந்துவிடும். அடுத்த 'மிருக்' பருவத்துப் பழங்கள் வந்துசேரப் பிப்ரவரி ஆகும். இடையில் கிடைக்கும் இந்தச் சில வாரங்களில்தான், ஒற்றை வண்டியை நம்பிப் பிழைக்கும் உரிமையாளர் தன்னுடைய பழைய டாடா 407-ஐ நின்று பார்க்கிறார். கதவின் அடியில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. எஃப்.சி. தேதி நெருங்குகிறது. பட்டறையில் சொன்ன தொகை கையைக் கடிக்கிறது. 'வீட்டு வாசலில் நிறுத்தி நாமே அடித்துவிட்டால் என்ன?'

யோசனை தவறல்ல. பலரும் அதைத் தொடங்கும் இடம்தான் தவறு. முதலில் கையில் எடுப்பது கலர் அட்டை. எடுக்கவேண்டியதோ ஒரு சின்னச் சுத்தியல்.

எட்டு ஆண்டுகளைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடந்தோறும் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். 15 ஆண்டுகளைத் தாண்டியவற்றுக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் பல மடங்கு உயர்ந்தது. இந்த நிலையில், துருவை மறைத்துப் பளபளப்புக் காட்டும் வேலை ஆறு மாதத்தில் பல்லிளித்துவிடும். லாரிக்குப் பெயின்ட் என்பது அலங்காரம் மட்டுமல்ல. தகட்டையும் தண்ணீரையும் பிரித்து வைக்கும் தோல் அது.

எனவே முதல் நாள் வேலை, வண்டியை நன்றாகக் கழுவிக் காயவிட்டுத் தட்டிப் பார்ப்பது. கதவின் அடிவிளிம்பு, கால் வைக்கும் படி, சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, முன்கண்ணாடி ரப்பரின் ஓரம், பாட்டரிப் பெட்டியின் அடிப்பாகம் ஆகிய இடங்களில்தான் துரு குடியிருக்கும். பழம் ஏற்றும் வண்டியில் தளத்தின் மூலைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கசியும் சாற்றின் அமிலம் இரும்புக்கு ஆகாது. தட்டினால் கணீரென்று ஒலிக்கும் தகடு தப்பித்தது. மந்தமாக ஒலித்தால், சுத்தியல் பட்டு உள்ளே போனால், அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். இது டிங்கர் வேலை. வீட்டில் செய்ய முயலாமல் கூலி கொடுத்துச் செய்வதே லாபம். துருவின் மேல் பட்டி பூசி மூடினால், பட்டிக்கு அடியில் துரு தன் வேலையைத் தொடரும். அடுத்த மழையில் பட்டி பொருக்காக விழும்.

அடுத்த கட்டம்தான் ஆபத்தானது. பழைய பெயின்ட்டைத் தேய்த்து எடுப்பது.

பழைய லாரிகளின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வண்ணங்களில் ஈயம் கலந்த நிறமிகள் தாராளமாகப் பயன்பட்டன. அடிப்பூச்சாக அடித்த செந்தூர நிறப் பிரைமரிலும் ஈயம் இருந்திருக்கலாம். வீட்டுப் பெயின்ட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. ஆனால் அது வீட்டு, அலங்காரப் பெயின்ட்களுக்கான விதி. அதற்கு முன்பே லாரியின்மேல் ஏறிவிட்ட பூச்சுகளையும் அது தொடாது. உலர்ந்த உப்புத்தாளோ கிரைண்டரோ வைத்துத் தேய்த்தால் கிளம்பும் தூசி வாசலில் படியும். அதில்தான் குழந்தை தவழ்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பரிகாரம் எளியது. வண்டியை வாசலில் நிறுத்தாமல், குழந்தைகள் வராத கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். உலர்வாகத் தேய்க்காமல் வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து வழியும் சேற்றை வழித்தெடுக்க வேண்டும். சாக்கடையில் ஊற்றக் கூடாது. தூசிக்கான முகக்கவசம் அவசியம். மூக்கில் கட்டும் கைக்குட்டை போதாது. வேலை முடிந்ததும் குளித்துவிட்டு வீட்டுக்குள் நுழைவதும், அந்தத் துணியைத் தனியாகத் துவைப்பதும் கட்டாயம். நன்றாக ஒட்டியிருக்கும் பூச்சை முழுவதும் உரிக்க வேண்டியதில்லை. பளபளப்புப் போகும் அளவுக்குத் தேய்த்தால் போதும். துருப்பிடித்த இடத்தில் மட்டும் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை போக வேண்டும்.

எந்தப் பெயின்ட்? கார்களைப் போல் மின்ன வேண்டும் என்ற ஆசையில் ஹார்டனர் கலந்து ஸ்ப்ரே செய்யும் பி.யூ. பெயின்ட்டைப் பலர் விரும்புகிறார்கள். அதில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. தனிக் காற்றுக் குழாய் உள்ள கவசம் அணிந்து தொழில் தெரிந்தவர்கள் செய்யவேண்டிய வேலை அது. இன்னொரு சிக்கல், பழைய எனாமலின் மேல் காட்டமான தின்னர் கலந்த பெயின்ட் பட்டால் அடியில் உள்ள பூச்சு சுருங்கி எழும்பும். முதல்முறை அடிப்பவருக்கு ஏற்றது பிரைமரும், அதன்மேல் பிரஷ்ஷால் அடிக்கும் சிந்தெடிக் எனாமலும்தான். கிட்டே போய்ப் பார்த்தால் பிரஷ் கோடு தெரியும். சரக்கு லாரிக்கு அது குறையல்ல.

அளவுக் கணக்கு கடினமில்லை. சுமார் 10 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி உயரப் பலகைகள் கொண்ட பெட்டி என்றால் வெளிப்பக்கம் 128 சதுர அடி. உள்பக்கத்தையும் சேர்த்தால் 256. ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 சதுர அடி வரும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பூச்சுக்கு ஐந்து லிட்டருக்குச் சற்று அதிகம். கேபினுக்குத் தனியாக அளக்க வேண்டும். ஒரே கடையில் ஒரே தடவையில் வாங்கிவிடுவது நல்லது. பிறகு வாங்கும் டப்பாவில் நிறம் ஒருபிடி மாறியிருக்கலாம்.

ஜனவரியின் அருமை இங்கேதான் தெரியும். மே மாதத்தில் நாக்பூர் 45 டிகிரி வரை கொதிக்கும்போது சூடான தகட்டில் பெயின்ட் பரவுவதற்குள் இறுகிவிடும். மழைக்காலத்தில் ஈரம் அடியில் சிக்கிக் கொப்பளிக்கும். ஜனவரியில் கவனிக்கவேண்டியது பனி ஒன்றைத்தான். காலையில் தகடு உலர்ந்தபின் நிழலில் தொடங்கி, பிற்பகல் மூன்று மணிக்குள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக, இடையில் டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் கொடுத்து அடிக்க வேண்டும். டிங்கர் வேலையிலிருந்து கடைசிப் பூச்சு காய்வது வரை பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அத்தனை நாள் வாடகை இல்லை என்பதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெயின்ட் படக் கூடாத இடங்களும் உண்டு. சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண் பூச்சில் மூழ்கினால் எஃப்.சி. நாளில் தலைவலி. பிரேக் குழாய்கள், விளக்குகள், எண் பலகை ஆகியவற்றைச் செய்தித்தாள் ஒட்டி மூட வேண்டும். சக்கரத்தின் வட்டு ஹப்போடு பொருந்தும் முகத்தில் தடித்த பெயின்ட் ஏறினால், ஓடும்போது அது நசுங்கி நட்டுகள் தளரும். அழகுக்காக அடித்த பூச்சு சக்கரத்தையே கழற்றிவிடக்கூடும்.

நிறத்தை மாற்றும் ஆசையை அடக்குவது நல்லது. ஆர்.சி.யில் நிறமும் பதிவாகியிருக்கிறது, மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். பூச்சு நன்கு இறுகியபின் ஒளிரும் பட்டைகளைப் புதிதாக ஒட்ட வேண்டும். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு.

கடைசி நாளில் பிரஷ்ஷை எழுத்துக் கலைஞரிடம் கொடுத்துவிடலாம். நெற்றிப் பலகையில் மகள் பெயரோ குலதெய்வமோ அவர் கைவண்ணத்தில் அமரட்டும். பின்பலகையில் மட்டும் 'ஹாரன் ஓகே ப்ளீஸ்' வேண்டாம்; மகாராஷ்டிரம் அதை 2015-லேயே தடை செய்துவிட்டது.

வண்டி சந்தைக்குள் நுழையும் முதல் நாளில் எல்லோரும் பாராட்டுவார்கள். வேலை சரியாக நடந்ததா என்பதை ஜூன் மழைதான் சொல்லும். அது ஓய்ந்தபின் அதே சுத்தியலோடு கதவின் அடியை மறுபடியும் தட்டிப் பார்க்க வேண்டும்.