காட்டுக்கு ஈடு ஏது?

காடு ஒன்றை அழித்துச் சுரங்கமோ அணையோ நெடுஞ்சாலையோ அமைக்க நேரும்போது, அழிகிற காட்டின் மதிப்பைக் கணக்கிட்டுப் பணமாக அரசாங்க நிதியில் செலுத்திவிட்டு, வேறோர் இடத்தில் அதற்குச் சமமான பரப்பில் கன்றுகளை நட்டுவிட்டால் தேசத்துக்கு யாதொரு நஷ்டமும் இல்லை என்ற அபிப்பிராயம், ஆட்சியாளரிடையேயும் தொழிலதிபரிடையேயும் மட்டுமன்றிப் படித்த பொதுமக்களிடையேயும் இன்று வேரூன்றி நிற்கிறது. இதைச் சொல்பவர்கள் காட்டின் பகைவர்கள் அல்லர். அவர்களில் பலர் காட்டின்பால் மெய்யான பரிவுடையவர்களே. பொருளாதார சாஸ்திரத்தை அவர்கள் தம் பக்கத்துச் சாட்சியாக அழைக்கிறார்கள். அந்தச் சாட்சியை நாமும் குறுக்கு விசாரணை செய்து பார்ப்பது நியாயம்; நேர்மையாகக் கேட்டால் அந்த சாஸ்திரம் சொல்வது அவர்கள் கருதுவதற்கு நேர்மாறாக இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைக் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த உத்தரவு, பட்டா யார் பெயரில் இருந்தாலும், அகராதி எதைக் காடு என்கிறதோ அதைச் சட்டமும் காடாகவே கொள்ள வேண்டும் என்றது. அந்த வழக்கின் கிளையாகவே, காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குப் பெறுவோர் அதன் ‘நிகர நிகழ்கால மதிப்பை’ச் செலுத்த வேண்டும் என்ற விதியும் 2002இல் வந்தது. அதற்கு முன், மரத்தின் விலைக்கு மேல், காடு செய்துவந்த ஊழியத்துக்கு விலை என்பதே பெரும்பாலும் கிடையாது. ஒன்றுமில்லாத இடத்தில் ஏதோ ஒரு விலையை வைத்தது முன்னேற்றமே. அதை மறுப்பவன் நானல்லன். நான் மறுப்பது, அழிப்பவனைத் தயங்கச் செய்ய வைத்த அந்த விலையை, அழிவுக்கே பரிகாரமாகக் கொள்ளும் மயக்கத்தைத்தான்.

விலை சரியாகக் கணிக்கப்பட்டுவிட்டது என்பது அவர்களுடைய முதல் வாதம். டெல்லிப் பொருளாதார அறிஞர் காஞ்சன் சோப்ரா தலைமையில் அமைந்த குழு 2006இல் தந்த அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு, உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை விகிதங்களை ஏற்றுக்கொண்டது. 2022இல் இவை ஏறத்தாழ 9.57 லட்சம் முதல் 15.95 லட்சம் வரை என உயர்த்தப்பட்டன. சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் இதற்குப் பன்மடங்கு உண்டு. மற்றக் காடுகளுக்கு இதுவே உச்சம். ஹெக்டேர் என்பது நம் காதில் பெரிதாக ஒலிப்பதால், நாம் நிலம் பேசும் கணக்கிலேயே சொல்கிறேன்: மிக உயர்ந்த வகையைச் சேர்ந்த அடர்ந்த காட்டுக்கு ஏக்கருக்குச் சுமார் ஆறரை லட்சம், அதாவது சென்ட் ஒன்றுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவு. மழையைத் தாங்கி, மண்ணைக் கட்டி, ஊற்றைக் காத்து, ஆயிரம் உயிர்களுக்கு இடமளிக்கும் ஒரு சென்ட் காட்டின் முழு ஊழியமும், இனி வரும் காலத்துக்கெல்லாம் சேர்த்து, இத்தொகைக்குள் அடங்கிவிட்டது என்று நம்மால் நெஞ்சறியச் சொல்ல முடியுமா?

தொகை ஏன் இவ்வளவு சிறுத்தது என்பதில்தான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. பிற்காலத்தில் வரவேண்டிய ரூபாயை இன்றைக்குக் கையில் கேட்டால், உண்டியல் வியாபாரி வட்டம் பிடித்துக்கொண்டு குறைத்துத் தருவதைப் போல, பொருளாதார சாஸ்திரமும் வருங்காலப் பயன்களுக்கு ஆண்டுதோறும் வட்டம் கழித்தே இன்றைய மதிப்பைச் சொல்கிறது. ஆண்டுக்கு 5 சதவீதம் வட்டம் கழித்தால், ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கிடைக்கவிருக்கும் நூறு ரூபாய்ப் பயனுக்கு இன்று ஒன்பது ரூபாய் கூடத் தேறாது. நூறாண்டு கழித்து வருவதற்கோ முக்கால் ரூபாய்தான். வட்டத்தை 10 சதவீதமாக்கினால், ஐம்பதாம் ஆண்டின் நூறு ரூபாய் இன்றைக்கு எண்பத்தைந்து பைசா. ஒரு மனிதன் தன் பணத்தை இவ்விதம் கணக்கிட்டுக்கொள்வதில் தோஷமில்லை. அவனுக்கு ஆயுள் உண்டு, அவசரம் உண்டு. ஆனால் காட்டின் பயனை ஐம்பதாம் ஆண்டில் நுகரப் போவது நாமல்ல, நம் பேரன். அவன் குடிக்க வேண்டிய தண்ணீருக்கு நாமே வட்டம் பிடித்து, நாமே விலை சொல்லி, நாமே வாங்கிக்கொள்வது எந்த நியாயத்தில் சேரும்?

இதை உணர்ச்சிப் பேச்சென்று ஒதுக்க முடியாது. காடு என்பது மரத்தை வெட்டி வெட்டி நடும் தோட்டம் என்ற கருத்தில் அதன் நிலமதிப்பை அளக்கும் சூத்திரத்தை ஜெர்மானிய வனவியலாளர் ஃபாஸ்ட்மன் 1849இலேயே வகுத்துவிட்டார். இன்றைய கணக்குகளுக்கெல்லாம் அவர் ஒரு மூதாதை. கனடாவைச் சேர்ந்த கணித அறிஞர் காலின் கிளார்க், 1973இல் திமிங்கில வேட்டையை எடுத்துக்கொண்டு, மெதுவாக வளரும் ஓர் உயிரினத்தின் பெருக்கம் வட்டி விகிதத்துக்கும் கீழே இருந்துவிட்டால், அதை முழுவதும் கொன்று விற்றுப் பணத்தை வங்கியில் போடுவதே லாபமாகக் கணக்கில் தோன்றக் கூடும் என்று நிறுவிக் காட்டினார். ஒருவருக்கும் உரிமையில்லாமல் கிடப்பதால்தான் இயற்கைச் செல்வம் அழிகிறது, உரிமையும் விலையும் வகுத்துவிட்டால் காப்பாற்றப்பட்டுவிடும் என்று அதுவரை நம்பியிருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. தனியொருவனுக்கே முழு உரிமை இருந்தாலும், கணக்குத் தவறில்லாமல் போட்டாலும், அழிவே லாபம் என்று விடை வரக்கூடுமென்றால், கணக்கின் விடையை மட்டும் கொண்டு காட்டின் விதியைத் தீர்மானிக்கலாகாது என்பது அந்த சாஸ்திரமே தரும் தீர்ப்பு. மலைச் சோலையின் மரங்களும் மெல்ல வளரும் உயிர்களே என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது வாதம்: வெட்டிய காட்டுக்கு நட்ட மரம் ஈடு என்பது. இதற்கு நாம் அயல்நாடு போக வேண்டியதில்லை; நம் நீலகிரியே விடை வைத்திருக்கிறது. அம்மலையின் உச்சிப் பரப்பில் இயற்கை அமைத்தது மடிப்புகளில் சோலையும் சரிவுகளில் புல்லுமாகிய ஏற்பாடு. புல் மேடுகளைத் ‘தரிசு’ என்று கணக்கில் எழுதிய அதிகாரிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவந்த சீகையையும் மலைமக்கள் கற்பூர மரம் என்றழைக்கும் யூகலிப்டஸையும், சுதந்திரத்துக்குப் பின் தோல் பதனிடவும் விறகுக்கும் செயற்கைப் பட்டு நூலின் மரக்கூழுக்குமென்று மலைமலையாக நட்டார்கள். பசுமை பெருகிற்று, தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் காடே பெருகியதாகத் தோன்றிற்று. ஆனால் உதகையிலுள்ள மண் நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார், கிளன்மார்கன் பகுதியில் அருகருகே இரு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்து, ஒன்றின் புல்வெளியில் கற்பூர மரம் நட்டு, மற்றதை இயற்கை நிலையிலேயே விட்டு, ஓடிவரும் நீரை ஆண்டுக்கணக்காக அளந்தார்கள். முதல் பத்தாண்டு வளர்ச்சியில் நீர்வரத்து ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரங்கள் மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாவது பத்தாண்டில் குறைவு 25 சதவீதத்தை எட்டியது. மழை ஓய்ந்த மாதங்களில் ஊற்றாய்க் கசிந்து வரும் நீருக்கு நேர்ந்த சேதம் இதனினும் கடுமை.

இந்த இரண்டு எண்களின் பொருளாதார அர்த்தத்தைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்த மலையின் நீர்தான் 1932 முதல் பைக்காராவில் மின்சாரமாகிறது. பின்னர் மோயாற்றிலும் மின்சாரமாகி, பவானியில் கலந்து, சமவெளியில் வயலுக்குப் பாய்கிறது. மரக்கூழுக்கு விற்ற மரத்தின் வரவை வனத்துறை தன் ஏட்டில் எழுதிக்கொண்டது. ஆற்றில் குறைந்த நீரை எந்த ஏட்டிலும் எவரும் செலவாக எழுதவில்லை. ஒரு துறையின் லாபம் மற்றொரு துறையின் நஷ்டமாகவும், இரண்டுக்கும் அப்பால் கடைமடை விவசாயியின் நஷ்டமாகவும் மாறிப்போயிற்று. மரம் நட்டதாலேயே, அதுவும் வளமாக வளர்ந்ததாலேயே, நஷ்டம் நேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். கன்று பட்டுப்போனால் ஈடு இல்லை என்பதை எல்லோரும் ஒப்புவர். கன்று செழித்தும் ஈடாகவில்லை என்பதே நீலகிரி சொல்லும் செய்தி.

‘ஆனாலும் நாட்டின் காட்டுப் பரப்பு கூடித்தானே வருகிறது?’ என்று கேட்பார்கள். 2021ஆம் ஆண்டின் அறிக்கையில் 7,13,789 சதுர கிலோமீட்டராக இருந்தது, 2023ஆம் ஆண்டின் அறிக்கையில் 7,15,343 ஆகியிருப்பது உண்மையே. ஆயின் அந்த அளவையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மரநிழல் விழுந்தால் அது காட்டுப் பரப்பு. தென்னந்தோப்பும் ரப்பர்த் தோட்டமும் பழத்தோட்டமும் அதில் அடக்கம். விண்கலத்திலிருந்து பார்த்து அளப்பதற்கு அது உகந்த இலக்கணமாக இருக்கலாம். எந்தக் காடு போயிற்று, எந்தத் தோப்பு வந்தது என்பதை அந்தக் கூட்டுத்தொகை ஒருபோதும் சொல்லாது.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய நிக்கோபார்த் தீவில் துறைமுகமும் நகரும் அமைக்க ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு ஒதுக்கப்பட்டபோது, அதற்கு ஈடாகக் கன்று நடத் தீர்மானித்த இடம் ஹரியானா. கடல் நடுவே மழையில் நனையும் தீவின் காட்டுக்கு, ஆரவல்லித் தொடரின் அடிவாரத்து வறண்ட மண் எவ்விதம் ஈடாகும்? காடு என்பது சரக்கன்று, ஓர் ஊரில் விற்று வேறோர் ஊரில் வாங்கிக்கொள்ள. அந்த மலையில் அந்த மழையைப் பிடித்து அந்த ஆற்றுக்குத் தருவதுதான் அதன் ஊழியம்.

இன்னும் ஒரு வாதம் உண்டு, அதுவே வலுவுள்ளது. கனடியப் பொருளாதார அறிஞர் ஹார்ட்விக் 1977இல் வகுத்த விதியின்படி, இயற்கைச் செல்வத்தை எடுத்துப் பெறும் ஆதாயம் முழுவதையும் வேறு முதலாக மாற்றி வைத்துவிட்டால், வருந்தலைமுறையின் வாழ்க்கைத் தரம் குன்றாது. எண்ணெய்க் கிணறு வற்றும், அதில் பிறந்த பள்ளிக்கூடம் நிற்கும் என்பது இதன் சாரம். இயற்கைக்குப் பதில் மனிதன் செய்த பொருள் நிற்க முடிந்த இடத்தில் இந்த விதி மெய்யே. ஆனால் அமெரிக்க அறிஞர் ஹெர்மன் டேலி காட்டியபடி, மீன் அற்ற கடலில் படகை இரட்டிப்பாக்கி என்ன பயன்? நீர்மின் நிலையம் சோலைக்கு மாற்றன்று; சோலையை நம்பி நிற்கும் துணை.

அந்த விதியை ஏற்றுக்கொண்டே பார்த்தாலும், ஆதாயத்தை முதலாக மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையேனும் நிறைவேறிற்றா? 2006 முதல் 2012 வரையிலான காலத்தைத் தணிக்கை செய்து மத்தியத் தலைமைத் தணிக்கையாளர் 2013இல் அளித்த அறிக்கையைப் படித்தவர்கள் அறிவார்கள்: ஈடாகப் பெற வேண்டியிருந்த காடல்லாத நிலம் 1,03,000 ஹெக்டேருக்கு மேல், பெற்றது அதில் 27 சதவீதம், கன்று நட்டதோ வெறும் 7 சதவீதப் பரப்பில். பணம் ஒரு புறம் ஐம்பதினாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் குவிந்து வங்கியில் கிடக்க, 2016இல் சட்டம் இயற்றி, 2018இல் விதி வகுத்து, 2019 ஆகஸ்டில்தான் மாநிலங்களுக்கு 47,000 கோடிக்கு மேல் பிரித்தளிக்கப்பட்டது. காடு போய்ப் பத்தாண்டு, பதினைந்தாண்டு கழித்து வரும் ஈட்டுக்கு யார் வட்டம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள்?

கடைசியாக, இந்த வியவகாரத்தில் விற்பவன் யார், வாங்குபவன் யார் என்ற கேள்வி. பணம் செல்வது அரசாங்க நிதிக்கு. இழப்போ அந்தக் காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து, அதன் ஓடையில் நீர் மொண்டு வாழ்ந்த குடிகளுக்கு. விலை சரியா என்று அவர்களை எவரும் கேட்பதில்லை. ஒரு தடவை, உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் இட்ட ஆணையால், முறைப்படி கேட்டார்கள். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுப்பது குறித்து, டோங்கிரியா கோந்து மக்களும் அவர்களுடைய அயலாரும் வாழும் பன்னிரண்டு கிராமங்களில் அந்த ஆண்டு மழைக்காலத்தில் சபைகள் கூடின. வனத்துக்குள்ளே, நீதிபதி ஒருவர் முன்னிலையில், ஒவ்வொரு கிராமமாகப் பதில் சொல்லியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அடுத்த ஜனவரியில் மத்திய அரசு அச்சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது.