கிளினிக் போகும் நாளுக்கும் பெயர் வேண்டும்



காய்ச்சல் வந்தால் டிஸ்பென்சரிக்குப் போகிறோம். பிள்ளை உண்டானால் கிளினிக்குக்குப் போகிறோம். நோவு இல்லாத நேரத்தில் பரிசோதனைக்குப் போகச் சொன்னால், "எனக்கு என்ன வருத்தம்?" என்று கேட்கிறோம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் விடயத்தில் இந்தக் கேள்வி உயிரையே எடுத்துவிடும்.

இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் உடலில் நீண்ட காலம் தங்கினால் கருப்பையின் வாயில் மாற்றம் தொடங்கும். அது புற்றுநோயாக முற்ற, பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் எடுக்கும். அதுவரை நோவு தெரியாது. ஆனால் பெப் பரிசோதனையில் தெரியும். அப்போதே வைத்தியம் செய்தால் புற்றுநோய் வராமலே தடுக்கலாம்.

அரசாங்கத்தின் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் நடக்கின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைத்து இலவசமாகச் சோதிக்கிறார்கள். சில நிமிட வேலைதான். வெட்டுவதும் இல்லை, மயக்க ஊசியும் இல்லை. வயது தாண்டியவர்களும் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகோ, உறவுக்குப் பிறகோ இரத்தம் கண்டால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெட்கம் ஒரு தடைதான். இது நடத்தை கெட்டவர்களுக்கு வரும் நோய் என்ற பேச்சும் லயத்தில் உண்டு. அது பொய். குடும்பம் நடத்தும் எவருக்கும் தொற்றக்கூடிய கிருமி இது; ஆண்களிடமிருந்தும் வரும்.

ஆனால் வெட்கத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கிளினிக் பெரும்பாலும் வேலை நாளில் நடக்கிறது. மலைக்குப் போகாவிட்டால் பெயர் இல்லை. பஸ் காசும் கையிலிருந்து போகும். அடுப்பையும் பிள்ளைகளையும் நினைக்கும் தாய், தன் உடம்பைத்தான் முதலில் ஒத்திப்போடுகிறாள்.

ஆகவே இது சங்கத்தின் வேலை. 35இல் ஒரு நாள், 45இல் ஒரு நாள். ஒரு பெண்ணின் உழைப்புக் காலம் முழுவதற்கும் நாம் கேட்பது இரண்டே இரண்டு முழுப் பெயர். இதைக் கொடுத்து எந்தக் கம்பனியும் நட்டப்படாது. போக்குவரத்தை நிர்வாகம் ஏற்க வேண்டும். முடிந்த இடங்களில் கிளினிக்கைத் தோட்டத்துக்கே வரவழைக்க வேண்டும்.

தாய்மாருக்குப் பரிசோதனை என்றால் மகள்மாருக்குத் தடுப்பூசி. 2017 முதல் 6ஆம் தரப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். ஊசி நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களே, மாதர் சங்கத் தலைவிகளே, 35 வயதும் 45 வயதும் ஆன பெண்களின் பட்டியலை லயம் லயமாக எடுங்கள். குடும்பநல மாதுவிடம் திகதி கேளுங்கள். அந்தப் பட்டியலோடு துரையிடம் போவோம்.