எட்டாவது தங்கம் கணக்கில் சேராதா?

கடலூர் சில்வர் பீச்சில் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர் நேற்றும் அதையே சொன்னார். "மாஸ்கோ ஹாக்கித் தங்கமெல்லாம் ஒரு தங்கமா சார்? பெரிய டீம் எதுவும் வரவே இல்லையே!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. 1980-இல் எனக்குச் சிதம்பரத்தில் வேலை. ஸ்பெயினை 4-3 என்று வென்ற செய்தியை ரேடியோவில் கேட்டுத் துள்ளியவர்களில் நானும் ஒருவன். கேப்டன் நம்ம சென்னைக்காரர், வாசுதேவன் பாஸ்கரன்!

பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து வரவில்லை என்பது உண்மைதான். தான்சானியாவை 18-0 என்று அடித்ததை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் 1976 மான்ட்ரியலில் ஏழாவது இடத்துக்கு இறங்கிய நாடு நான்கே வருடத்தில் எழுந்து நின்றதே?

1984 லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ரஷ்யாவும் கிழக்கு ஜெர்மனியும் போகவில்லை. அதற்காகக் கார்ல் லூயிஸின் நான்கு தங்கத்தில் யாராவது ஒன்றைக் கழித்தார்களா? அங்கேதான் பி.டி.உஷா நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தை இழந்தார். அப்போது ஊரே வருந்தியதே தவிர, வராதவர்களை யாரும் எண்ணவில்லை. ஹாக்கிக்கு மட்டும் ஏன் இந்தக் கழித்தல் கணக்கு?

வராதவன் குறையை, வந்து ஆடியவன் தலையில் கட்டாதீர்கள். அதன்பிறகு டோக்கியோவிலும் பாரிஸிலும் கிடைத்தது வெண்கலம்தான். கையில் இருக்கும் எட்டையும் ஏழாக்க வேண்டாம், சார்.